அண்ணையின் கடை: வளாகத் தேநீர்க்கடை பற்றிய நினைவெழுத்துக்கள் குறித்து ஒரு நோக்கு

பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கும் ஒவ்வோர் அணியினரும் வெளியிடும் பிரியாவிடை மலர்களைத் தொடர்ந்து வாசித்து வருவோர், அவற்றுள் ஒரு கட்டுரை தவறாது இடம்பெறுவதை அவதானித்திருப்பர். அது விரிவுரை மண்டபத்தைப் பற்றியதன்று, நூலகத்தைப் பற்றியதுமன்று. வாசலைக் கடந்து வீதியின் மறுபுறத்தே, தகரக் கூரையின் கீழ், இரண்டு வாங்குகளோடும் வடையும் பணிசும் அடுக்கிய ஒரு கண்ணாடிப் பெட்டியோடும் இருக்கும் தேநீர்க்கடையைப் பற்றியது. திருநெல்வேலியில் பரமேஸ்வராச் சந்தியை அண்டியும் இராமநாதன் வீதி ஓரமாகவும் இத்தகைய கடைகள் தோன்றியும் மறைந்தும் வந்துள்ளன. பேராதனையில் கலகா வீதியை நினைவுகூர்வோரும் இதே பாங்கிலேயே எழுதுகின்றனர்.

எழுதியவர் வேறு, எழுதிய ஆண்டு வேறு. எனினும் கட்டுரையின் அமைப்பு பெரிதும் ஒன்றே. முதலில் மழை பெய்யும். மழையில் நனைந்துவந்த மாணவனுக்கு ஒரு பிளேன்ரீ கிடைக்கும். கடைக்காரர் அண்ணை என்று மட்டுமே அறியப்படுவார். அவருடைய இயற்பெயர் எவருக்கும் தெரியாதென்பது பெருமையோடு கூறப்படும். கடன் கொப்பி ஒன்று வரும். சைக்கிளில் கடந்து செல்லும் ஒரு மாணவியின் பக்கப்பார்வை வரும். தேர்தற் காலத்து வாக்குவாதம் ஒன்றும், அதிலே மேசையிற் குத்திய ஒரு கையும் வரும். ஈற்றிலே பட்டமளிப்பு நாளன்று நிலுவைக் காசைக் கொடுக்கப்போன மாணவனிடம் அண்ணை அதை வாங்க மறுப்பார். வாசகர் கண் கலங்குவர். நாமும் கலங்கியதுண்டு.

இவ்வெழுத்துக்களைப் பொய்யென ஒதுக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவற்றிலே கூறப்படும் அன்பு மெய்யானது. வீட்டைப் பிரிந்து முல்லைத்தீவிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து, வாடகை அறையில் மூவரோடு தங்கியிருக்கும் பத்தொன்பது வயது இளைஞனுக்கு, மாலை ஐந்து மணிக்குச் சூடாக ஒரு பேணி தேத்தண்ணியும், வந்தவனின் முகத்தைப் பார்த்து 'என்ன தம்பி, இண்டைக்கு ஒண்டும் சாப்பிடேல்லையோ' என்று கேட்க ஒருவரும் இருப்பது சிறிய காரியமன்று. ஆயின் ஓர் எழுத்துவகை மீண்டும் மீண்டும் ஒரே வடிவிற் பிறக்குமாயின், அவ்வடிவம் எங்கிருந்து வந்தது, அது எதைச் சொல்ல உதவுகிறது, எதைச் சொல்லவிடாது தடுக்கிறது என்று கேட்பது விமர்சகனின் கடமையாகும். நாவலையும் சிறுகதையையும் இவ்வாறு கேட்டுப் பழகிய நமது விமர்சன மரபு, நினைவுக் கட்டுரையை மட்டும் 'உணர்ச்சி எழுத்து' என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுகின்றது. இது அவ்வெழுத்துக்கு நாம் செய்யும் மரியாதையாகாது.

வடிவத்திலிருந்து தொடங்கலாம். தமிழ் சிறப்புப் பாட மாணவர்க்கு இவ்வடிவம் புதியதன்று. வறுமையால் வாடிய இரவலன், அவன் கடந்துவரும் வழி, எதிர்ப்படும் கொடையாளன், அவன் தந்த உணவின் விரிவான வருணனை, விடைபெறும்போது அவன் காட்டிய பரிவு. இஃது ஆற்றுப்படையின் எலும்புக்கூடு. சிறுபாணாற்றுப்படையில் உப்புக்கும் வழியற்ற வீட்டில், அயலார் காணாவண்ணம் கதவை அடைத்துவிட்டுக் கீரையைச் சமைத்துண்ணும் வறுமை சித்திரிக்கப்படுகின்றது. பின்னர் வள்ளலின் மனையிற் கிடைக்கும் விருந்து அதற்கு எதிர்நிலையாக நிறுத்தப்படுகின்றது. மாணவனின் வாடகை அறையும் அண்ணையின் கடையும் நினைவுக் கட்டுரையில் ஏறத்தாழ இதே உறவிலேயே வைக்கப்படுகின்றன. தான் பெற்ற பெருவளத்தைப் பிறர்க்கு அறிவுறுத்தி அவர்களை ஆற்றுப்படுத்துவதே அவ்விலக்கியத்தின் இலக்கணம். 'நீங்களும் அங்கே போங்கள். அண்ணை இன்னும் இருக்கிறார்' என்று கனிட்ட மாணவரை நோக்கி முடியும் நமது மலர்க் கட்டுரை இவ்விலக்கணத்தை அறியாமலே நிறைவேற்றுகின்றது.

ஒப்புமை இவ்வளவோடு நின்றிருந்தால் அதனை ஒரு சுவையான செய்தியாகக் கொண்டு நகர்ந்திருக்கலாம். வேற்றுமை அதனினும் முக்கியமானது. பாணன் பெற்றது கொடை. மாணவன் பெறுவது கடன். பாணனுக்கும் வள்ளலுக்கும் இடையே விலை இல்லை. மாணவனுக்கும் கடைக்காரருக்கும் இடையே விலை உண்டு, கொப்பி உண்டு, கூட்டல் கழித்தல் உண்டு. வாங்கல் விற்றலாக நிகழும் ஓர் உறவைக் கொடையின் மொழியிற் பாடும்போது அவ்வுறவின் பொருளாதார உள்ளடக்கம் மறைந்துவிடுகின்றது. கடைக்காரரை வள்ளலாக்கிவிட்டால், அவர் மரக்கறிக்காரனுக்கும் பாண் பேக்கரிக்கும் தானே கடன்பட்டுக்கொண்டு நமக்குக் கடன் கொடுத்தார் என்பதை எழுத வேண்டியதில்லை.

கடன் கொப்பியை இன்னும் சற்று உற்று நோக்க வேண்டும். 1981 இல் தொடங்கப்பட்ட மகாபொலப் புலமைப்பரிசில் பல ஆண்டுகளாக மாதம் 5000 ரூபாவாக இருந்து, 2025 இலேயே 7500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்துபோயிற்று. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. பால்மா கிடைக்கவில்லை, சமையல் வாயு கிடைக்கவில்லை, விறகடுப்புக்கு மாறிய கடைகள் பல, மூடிய கடைகள் சில. புலமைப்பரிசிற் காசு வந்துசேரும் வரையுள்ள இடைவெளியை நிரப்பியது எது? மாணவர் பலருக்கு அது கடைக்காரரின் கொப்பியே. அரசு தன் கடமையில் விட்ட வெற்றிடத்தை ஒரு சிறு வியாபாரி தனது முதலைக்கொண்டு நிரப்பினார். இதனை 'அண்ணையின் பெரிய மனம்' என்று மட்டும் எழுதுவது அண்ணைக்குப் புகழ் சேர்க்கலாம். அவரை அந்நிலைக்குத் தள்ளிய கொள்கை வகுப்போரையோ அது கேள்வியின்றித் தப்பவிடுகின்றது. நிலுவைக் காசை அவர் வாங்க மறுத்தார் என்று கட்டுரை முடியும் இடத்தில் நமது கணக்குத் தொடங்க வேண்டும். மறுத்த காசு அவருடைய வீட்டில் எந்தச் செலவிலிருந்து குறைந்தது?

இனி, நினைவுக் கட்டுரைகள் அடியோடு மறந்த வரலாறொன்றைக் கூற வேண்டும். 'யார் வேண்டுமானாலும் வரலாம், எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதுதான் அண்ணையின் கடை' என்ற வாக்கியம் வெவ்வேறு சொற்களிற் பல கட்டுரைகளில் வருகின்றது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடையில் யாரும் வரலாம், எங்கும் இருக்கலாம் என்ற நிலை இயல்பாக ஏற்பட்டதன்று. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் குடாநாட்டின் கடைகள் பலவற்றிலே தாழ்த்தப்பட்ட மக்கள் வாங்கில் அமர முடியாது. அவர்களுக்கெனத் தனிப் பேணியோ போத்தலோ புறம்பாக வைக்கப்பட்டிருக்கும். வெளியே நின்றோ நிலத்திற் குந்தியோ அருந்த வேண்டும். கொடுத்த காசு ஒன்றே, தேயிலை ஒன்றே, கேத்தில் ஒன்றே. பாத்திரம் மட்டும் வேறு. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் நூலில் இருந்தது. போத்தல் கடையில் இருந்தது. 1971 இல் அச்சட்டத்தைத் திருத்தி வலுப்படுத்த நேர்ந்தமையே அது முதலில் எவ்வளவு வலுவோடு இயங்கியது என்பதற்குச் சான்று.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தேநீர்க்கடைப் பிரவேசத்தை முன்னெடுத்தது. 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ் நகர் நோக்கிச் சென்ற ஊர்வலமும், 1967 இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும் அப்போராட்டத்தைப் புதிய கட்டத்துக்குக் கொண்டுசென்றன. சங்கானை, சாவகச்சேரி, நெல்லியடி முதலாய இடங்களின் கடைகள் போர்க்களங்களாயின. குடிசைகள் எரிந்தன, உயிர்களும் போயின. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நிகழ்ந்தது பரவலாக அறியப்பட்டது. ஆயின் கோயிற் கதவுக்கு இணையாகத் தேநீர்க்கடையின் வாங்கும் அவ்வியக்கத்தின் இலக்காக இருந்ததென்பதை இன்றைய மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

கோயிலைப்போலவே கடையையும் ஏன் தேர்ந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. இதற்கு விடை தரும் இலக்கியச் சான்று என்.கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' என்னும் சிறுகதை. மேடையிலே சீர்திருத்தம் பேசும் ஒருவர், தம்மைக் காண வீட்டுக்கு வந்த தாழ்த்தப்பட்ட இளைஞரை உள்ளே அழைக்க மனமின்றி, நிலவு நன்றாக இருக்கிறது, வெளியே போய்ப் பேசலாம் என்று நயமாக அழைத்துச் செல்கின்றார். கடுஞ்சொல் ஒன்றும் கூறப்படவில்லை. நிலவின் அழகே தீண்டாமையின் கருவியாகின்றது. ஈழத்துச் சிறுகதையில் இதற்கு நிகரான எள்ளல் அரிது. வீடு தனியார்க்குரியது, அதன் வாசலில் நின்று உரிமை கோர முடியாது. கடை அத்தகையதன்று. காசு கொடுத்தால் பண்டம் என்ற விதியைக் கடைக்காரர் தாமே அறிவித்திருக்கின்றார். அந்த விதியை அவருக்கெதிராகவே நிறுத்த முடியும். முதலாளித்துவச் சந்தை வாயளவிற் கூறும் சமத்துவத்தை நிலமானியச் சாதியமைப்புக்கு எதிராகத் திருப்பிய நுட்பம் தேநீர்க்கடைப் பிரவேசத்திலே உண்டு. வீட்டின் முற்றத்தில் ரகுநாதனின் இளைஞர் பெறாத இருக்கையைக் கடையின் வாங்கிலே பெற முயன்றனர் என்று கொள்ளலாம்.

இயக்கத்தின் முன்னணிச் செயற்பாட்டாளருள் ஒருவரான கே. டானியல் 1972 இல் வெளியிட்ட 'பஞ்சமர்' நாவல் இப்போராட்டங்களை உட்கொண்டது. அந்நாவல் மீது பிரசாரம் மிகுந்தது, கட்டுக்கோப்புத் தளர்ந்தது என்ற குற்றச்சாட்டுக்கள் அன்றுதொட்டு உண்டு. அவற்றுள் உண்மை இல்லாமலில்லை. சம்பவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்ற இடங்களில் வாசகன் மூச்சுவாங்குவான். எனினும் ஒரு தேநீர்க்கடை என்பது வாங்கு, பேணி, கேத்தில், முதலாளி, எடுபிடி, வாசலில் நிற்பவன் என்போரிடையேயான உறவுகளின் தொகுதி என்பதை டானியல் அறிந்திருந்த அளவுக்கு அறிந்த எழுத்தாளர் நம்மிடையே குறைவு. கடையை வெளியிலிருந்து பார்த்தவரின் அறிவு அது. நமது மலர்க் கட்டுரையாளரோ உள்ளே, மின்விசிறியின் கீழ், அமர்ந்திருந்து எழுதுகின்றனர். கலைநயத்திற் பின்தங்கியதாகச் சொல்லப்படும் நாவல், நடைநயம் மிக்க நமது நினைவுகளைவிடக் கூடுதலாகக் கண்டிருக்கின்றது.

இங்கே காலக்கணக்கு ஒன்றையும் சுட்டுதல் தகும். யாழ்ப்பாண வளாகம் 1974 ஒக்ரோபரில் பரமேஸ்வராக் கல்லூரி வளவிலே தொடங்கிற்று, பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதற் தலைவரானார். 1979 சனவரியில் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதாவது, கடைகளின் வாங்குகளுக்கான போராட்டம் உச்சமடைந்து சில ஆண்டுகள் கழித்தே வளாகம் வருகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் வட கரோலைனா மாநிலத்துக் கிறீன்ஸ்பரோ நகரில், 1960 பெப்ரவரி 1 ஆம் நாள், கறுப்பின மாணவர் நால்வர் வெள்ளையருக்கு மட்டுமென ஒதுக்கப்பட்ட சிற்றுண்டி மேசையில் அமர்ந்து கோப்பி கேட்டனர். பரிமாற மறுத்தனர், அவர்கள் எழவில்லை. நாள்தோறும் தொகை பெருகிற்று. யூலை 25 இல் அக்கடை தன் விதியைக் கைவிட்டது. அங்கே தமக்கும் தம்மவர்க்கும் இருக்கையை வென்றவர்கள் மாணவர். இங்கே அதை முன்னின்று வென்றவர்கள் கூலி விவசாயிகளும் சீவல் தொழிலாளரும் சலவைத் தொழிலாளரும் பிறருமே. பின்னர் வந்த மாணவராகிய நாம் வென்றெடுக்கப்பட்ட வாங்கிலே வந்து அமர்ந்தோம். அமர்ந்திருந்து, இது எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று எழுதினோம்.

இப்போது போத்தல் இல்லை. எனினும் வினா தீர்ந்துவிடவில்லை. 'சைவ உணவகம்' என்ற பலகையைப் பற்றி நாம் பேசுவதில்லை. மரக்கறி உண்பது ஒருவர் விருப்பம். அதிற் குறை காண்பது அறிவீனம். ஆயின் யாழ்ப்பாணச் சமூகத்தில் 'சைவக் கடை' என்ற சொல் உணவுப் பட்டியலை மட்டும் குறித்ததன்று. யார் சமைக்கின்றனர், யார் பரிமாறுகின்றனர் என்பது குறித்த ஒரு வாக்குறுதியும் அதனுள் நெடுங்காலம் அடங்கியிருந்தது. சென்னையில் உணவுச்சாலைப் பலகைகளில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக்கோரித் திராவிடர் கழகத்தினர் 1957 இல் திருவல்லிக்கேணிக் கடையொன்றின் முன் மறியல் செய்தனர். அங்கே சொல் வெளிப்படையாக இருந்தமையால் அதை எதிர்க்க முடிந்தது. இங்கே சொல் வேறொரு சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. 2009 இன் பின்னர் சிங்கள, முஸ்லிம் மாணவர் பெருந்தொகையினராக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு வருகின்றனர். 1990 ஒக்ரோபரில் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளை இங்கே பட்டம் படிக்க வந்து, எந்தக் கடையில் நம்பி உண்ணலாம் என்று விசாரித்துக்கொண்டு நடக்கையில், 'எல்லோருக்குமான கடை' என்ற நமது வாக்கியம் யாரை எண்ணி எழுதப்பட்டது?

மேலைநாட்டறிஞர் கோப்பிக்கடைகளை எழுதிய வகையும் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. இங்கிலாந்தின் முதற் கோப்பிக்கடை 1650 இல் ஒக்ஸ்போட் நகரில், பல்கலைக்கழகத்தின் நிழலிலேயே தோன்றியதென்பர். இரண்டு ஆண்டுகளில் அது இலண்டனை அடைந்தது. ஒரு பென்னி கொடுத்தால் கோப்பியும் செய்தித்தாளும் வாதமும் கிடைத்தமையால் அவற்றைப் 'பென்னிப் பல்கலைக்கழகங்கள்' என அழைத்தனர். அங்கு நிகழும் பேச்சுக்கு அஞ்சி இரண்டாம் சார்ள்ஸ் மன்னன் 1675 டிசெம்பரில் அவற்றை மூட ஆணையிட்டான். எதிர்ப்புக்கு அஞ்சிச் சில நாட்களில் அவ்வாணையைப் பின்வாங்கினான். ஜேர்மானிய அறிஞர் ஹபர்மாஸ் 1962 இல் வெளியிட்ட நூலில் அந்நிய மனிதர் தம் தகுதிநிலைகளைப் புறத்தே வைத்துவிட்டு அறிவை மட்டும் கொண்டு வாதிட்ட 'பொதுவெளி'யின் பிறப்பிடங்களுள் ஒன்றாக இக்கடைகளைக் கண்டார். நமது கலைப்பீட மாணவர் இக்கருத்தை விரும்பி ஏற்பர். தேநீர்க்கடையில் தாம் கழித்த பிற்பகல்களுக்கு அது ஒரு தத்துவ நியாயத்தை வழங்குகின்றது. ஆனால் நான்சி பிறேசர் 1990 இல் எழுப்பிய மறுப்பையும் உடன்வைத்து வாசிக்க வேண்டும். தகுதிநிலையைப் புறத்தே வைப்பதாகப் பாவனை செய்யும் இடத்தில், அத்தகுதிநிலை ஏற்கனவே உள்ளவர்க்கே அப்பாவனை பயன்படுகின்றது. ஒதுக்கப்பட்டோர் தமக்கான மறுவெளிகளை வேறிடத்தே அமைக்கின்றனர் என்பது அவர் வாதத்தின் சாரம். தமிழ்ச்சூழலில் இதனை விளக்க நூலகம் வரை செல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாண நகரின் ஒரு முடிதிருத்தும் நிலையம், டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கிய 'மல்லிகை'யின் பணிமனையாகவும் எழுத்தாளர் கூடுமிடமாகவும் இருந்ததே, அதனினும் தக்க உதாரணம் உண்டோ?

இத்தகைய பொதுவெளியில் மாணவியர் எங்கே? கலைப்பீடத்தில் அவர்களே பெரும்பான்மையினர். விரிவுரை மண்டபத்தில் பத்துக்கு ஏழோ எட்டோ இருக்கைகளில் அவர்களைக் காணும் நாம், மாலையிற் கடை வாங்கில் ஒருவரைக்கூடக் காண்பது அரிது. வந்தாலும் இருவராக வந்து, பொதி கட்டிக்கொண்டு, நில்லாது செல்வர். நினைவுக் கட்டுரைகளில் அவர்கள் சைக்கிளிற் கடந்து செல்லும் காட்சிப்பொருளாக மட்டுமே நிற்கின்றனர் என்பதை முன்னரே குறிப்பிட்டோம். மலர்களை எழுதுவோரில் மாணவியர் உளர். ஆயினும் தேநீர்க்கடைக் கட்டுரையை ஒரு மாணவி எழுதி நாம் வாசித்ததில்லை. எழுதினால் அது எவ்வாறிருக்கும்? விடுதிக் கதவு மூடும் நேரத்திலிருந்து அது தொடங்கக்கூடும். மின்கேத்திலில் வெந்நீர் வைத்து அறைத்தோழியரோடு குடித்த தேத்தண்ணியைப் பற்றியும், அங்கே நிகழ்ந்த வாதங்களைப் பற்றியும் அமையக்கூடும். அவ்வாதங்கள் மேசையிற் குத்தி நடைபெறாமையால் அறிவுக் குறைந்தவையாகிவிடா. மாணவர் ஒன்றியத் தீர்மானங்கள் முதலில் கடையிலே பேசி முடிவாகிப் பின்னரே கூட்டத்துக்கு வருகின்றன என்று பலர் வேடிக்கையாகக் கூறுவர். அது வேடிக்கையன்று. கடையில் இல்லாதவர் முடிவிலும் இல்லை.

முதலாம் ஆண்டு மாணவனின் நிலையும் இத்தகையதே. சில வாரங்களுக்கேனும் அவன் அக்கடைக்குள் மூத்தோரின் அனுமதியின்றி அமர இயலாதிருந்த காலங்கள் உண்டு. யார் காசு கொடுப்பது என்பதையும் பகிடிவதையே தீர்மானித்தது. 1998 இன் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. ஆயினும் இருக்கையை ஒதுக்கும் பழக்கம் வேறு பெயரில் உயிர்தப்பியதை, முன்னர் கூறிய வரலாற்றை அறிந்தவர் எளிதில் இனங்காண்பர்.

கட்டுரைகளில் முற்றாகக் காணாமற்போனவர் குசினியில் இருப்பவர். விளிச்சொற்களை நோக்கினால் இது தெளிவாகும். காசு மேசையில் இருப்பவர் 'அண்ணை'. அவர் வயதில் இளையவராயினும் அண்ணையே. தேத்தண்ணி கொண்டுவருபவன் 'தம்பி'. சிலர் வாயில் அதுவுமின்றி வெறும் 'டேய்'. அவனுக்குப் பதினாறு வயதிருக்கலாம், முப்பத்தாறும் இருக்கலாம். பின்புறத்தே கிணற்றடியிற் பேணி கழுவும் முதியவளை அழைக்கத் தேவை ஏற்படாமையால் அவளுக்கு விளிச்சொல்லே இல்லை. உறவுமுறைச் சொற்கள் நம் மொழியில் நெருக்கத்தைக் காட்டுவன என்பது உண்மையே. அவை படிநிலையையும் காட்டுவன. மாணவன் அண்ணையோடு கொண்ட பாசத்தை எழுதும் கட்டுரை, அண்ணைக்கும் அத்தம்பிக்கும் இடையேயான ஊதியம் பற்றி ஒரு வரி எழுதினால் ஆற்றுப்படையின் வடிவம் உடனே உடைந்துவிடும். வடிவம் உடையாமற் காக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நியாயமாக ஒன்றைக் கூறியாக வேண்டும். போர்க்காலத்தை எழுதியோரின் நினைவுகளில் இவ்வடிவம் தளர்ந்து காணப்படுகின்றது. 1990 இன் பின் குடாநாட்டின் மீதான பொருளாதாரத் தடையால் சீனியும் மண்ணெண்ணெயும் அரிதாகிப்போன ஆண்டுகளில், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்ததை எழுதுவோர் கடைக்காரரை வள்ளலாக்கவில்லை. அவரும் தம்மைப்போல் அகப்பட்டுக்கொண்டவர் என்றே எழுதுகின்றனர். 1987 ஒக்ரோபரில் பல்கலைக்கழக மைதானத்திலே வான்வழிப் படையிறக்கம் நிகழ்ந்ததையும், 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவிலே தெருவுக்கு வந்ததையும் கண்ட கடைகள் அவை. கடையிற் பேசியது யார் காதுக்குப் போகும் என்ற அச்சத்தில் வாதங்கள் அடங்கிப்போனதையும் சிலர் எழுதியுள்ளனர். ஹபர்மாசின் கோப்பிக்கடையிலே பேச்சு பெருகிற்று. நமது கடையிலே மௌனம் பழகப்பட்டது. அந்த எழுத்துக்களில் மழை அலங்காரமாகப் பெய்வதில்லை. அவற்றைத் தொகுத்து வெளியிடுவது நமது சங்கம் மேற்கொள்ளத்தக்க பணி.

ஈற்றாக, பேணியில் உள்ள பண்டத்தைப் பற்றி. தேயிலைச் செய்கை 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவிற் பயிரிட்டதோடு தொடங்கிய வரலாற்றை நாம் பாடசாலையிலேயே படித்தோம். அத்தேயிலையை உற்பத்திசெய்த மக்களின் குடியுரிமை 1948 இற் பறிக்கப்பட்டதையும் படித்தோம். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்ற அவர்களின் கூலிக் கோரிக்கை 2021 இலேயே வர்த்தமானிக்கு வந்தது. அம்மக்களின் பிள்ளைகள் இன்று நம்மோடு கலைப்பீடத்திற் பயில்கின்றனர். அவர்களுள் ஒருவர், கடையில் நம்மருகே அமர்ந்து, பிளேன்ரீயின் நிறத்தைக் கொண்டே இலை எந்தத் தரத்தது, தூசுத் தேயிலையா அன்றா என்று கூறியதை நாம் கேட்டிருக்கின்றோம். தாயார் கொய்யும் கொழுந்தில் நல்லது கப்பலேறுகின்றது, இது எஞ்சியது என்றும் அவர் கூறினார். அன்று வாங்கில் இருந்த ஏனையோர் அதை வேடிக்கையாகக் கொண்டு சிரித்தனர். அம்மாணவர் இவ்வாண்டு இறுதிப் பரீட்சை எழுதுகின்றார். அவருடைய அணியின் பிரியாவிடை மலருக்குத் தேநீர்க்கடைக் கட்டுரையை எழுதும் பொறுப்பு வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதாக அறிகின்றோம்.